ஒலி இல்லாத் தாளில் இசை: இசை இதழ்களின் இரட்டைப் பக்க வரலாறு

இசையைப் பற்றி எழுதும் இதழுக்குப் பிற இதழ்களுக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. இலக்கிய இதழ் கவிதையையே அச்சிட்டு வாசகர் கையில் கொடுத்துவிடலாம். ஓவிய இதழ் ஓவியத்தின் படியை அச்சிட்டுக் காட்டலாம். இசை இதழோ தான் போற்றிப் பேசும் பொருளைத் தன் பக்கத்தில் வைத்துக் காட்ட இயலாது. பாடலின் சொற்களை அச்சிடலாம். பாடுபவரின் படத்தை அச்சிடலாம். இசைக் குறியீட்டையும் அச்சிடலாம். ஆயினும் குறியீடு அது கற்றவர்க்கு மட்டுமே ஒலிக்கும். ஏனையோர்க்குத் தாள் ஊமையாகவே இருக்கும். இக்குறையை எவ்வாறேனும் ஈடுசெய்ய வேண்டும் என்னும் முயற்சியே இசை இதழ்களின் பக்க அமைப்பை ஒரு தனிக் கலையாக வளர்த்தது. எழுத்து, படம், வெற்றிடம், கோடு ஆகிய நான்கைக் கொண்டு ஒலியை நினைவூட்ட முயன்றவர்களின் வரலாறு இது. அம்முயற்சியின் ஊடே எழுத்தைப் படிக்கவா, பார்க்கவா என்னும் வழக்கும் எழுந்தது. மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கும் மொழி கற்கும் மாணவர்க்கும் அவ்வழக்கில் பங்கு உண்டு என்பதாலேயே இப்பொருள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதழை விரித்தால் இடமும் வலமுமாக இரு பக்கங்கள் ஒருசேரக் கண்ணுக்குப் புலனாகும். அவ்விரண்டையும் ஒரே பரப்பாகக் கொண்டு அமைப்பதையே இரட்டைப் பக்கம் என்று இங்குக் குறிப்பிடுகிறோம். சிறப்புக் கட்டுரைகள் பெரும்பாலும் இத்தகைய இரட்டைப் பக்கத்தில்தான் தொடங்கும். பார்ப்பதற்கு இஃது எளிய செய்தி. அச்சகத்தில் அவ்வளவு எளிதன்று. அச்சுத் தாள் பெரியது. அதில் பல பக்கங்கள் ஒருங்கே அச்சாகிப் பின்னர் மடிக்கப்படும். எனவே, நாம் எதிரெதிரே காணும் இரு பக்கங்கள் பெரும்பாலும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சானவை அல்ல. கம்பியால் நடுவில் தைத்த இதழாயின் மிக நடுவில் உள்ள இரு பக்கங்கள் மட்டுமே முழுத் தாளாக இருக்கும். ஏனைய இடங்களில் இடப்பக்கத்து மை சற்று அடர்ந்தும் வலப்பக்கத்து மை சற்று வெளிறியும் வரலாம். மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் நடுமடிப்பைக் கடந்து செல்லும் பெரிய எழுத்து உடைந்து தோன்றும். பாடகரின் முகம் மடிப்பில் விழுந்தால் மூக்கே மறைந்துபோகும். இவ்வளவையும் அறிந்தே வடிவமைப்பாளர் அந்தப் பள்ளத்தைத் தாண்டத் துணிய வேண்டும்.

தொடக்க கால இசை இதழ்கள் அத்தகைய துணிவை நாடவில்லை. இலண்டனில் 1926-இல் தோன்றிய மெலடி மேக்கரும், சிகாகோவில் 1934-இல் தோன்றிய டவுன் பீட்டும், இலண்டனில் 1952-இல் தோன்றிய நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸும் தொழில் செய்தித்தாள்களாகவே விளங்கின. எந்த வாத்தியக் குழு எங்கே வாசிக்கிறது, எவருடைய இசைத்தட்டு எவ்வளவு விற்கிறது என்பனவே அவற்றின் செய்திகள். பத்தி பத்தியாக எழுத்து, இடையிடையே தபால்தலை போன்ற படங்கள், எஞ்சிய இடமெல்லாம் விளம்பரம். அதில் குறை காண வேண்டியதில்லை. வாசகர் நாடியது செய்தி, அது கிடைத்தது.

பக்கத்தை ஒரு பரப்பாகக் காணும் பார்வை வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. உருசிய நாட்டிலிருந்து பாரிசு வழியாக அமெரிக்கா சென்ற அலெக்சி பிரோடோவிச், 1934 முதல் 1958 வரை ஹார்ப்பர்ஸ் பஜார் என்னும் மகளிர் உடையலங்கார இதழின் கலை இயக்குநராக இருந்தார். எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாகவே எண்ணி அமைத்தவர் அவர். வெள்ளை இடத்தை வீணான இடமாகக் கருதாமல், பாட்டின் இடையே வரும் மௌனம் போலப் பயன்படுத்தினார். படத்தில் நிற்கும் உருவத்தின் வளைவை எதிர்ப் பக்கத்து எழுத்துப் பத்தியும் ஏற்று வளைந்து நிற்கும். அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான கொள்கை ஒன்றும் ஆங்கில அச்சுலகில் ஆட்சி செய்தது. பியாட்ரிஸ் வார்ட் என்னும் அம்மையார் 1930-இல் இலண்டன் அச்சுக்கலைஞர்களிடையே ஆற்றிய உரையில், நல்ல அச்சு என்பது கண்ணாடிக் கிண்ணம் போன்றது என்று வாதிட்டார். கிண்ணத்தின் வேலை உள்ளே இருக்கும் பானத்தைக் காட்டுவது. தன்னைக் காட்டுவது அன்று. அச்செழுத்து கண்ணில் படாமல் பொருள் மட்டும் மனத்தில் படுவதே அச்சின் வெற்றி என்பது அவர் முடிவு. இவ்விரு கொள்கைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட களமே இசை இதழ்.

அந்த மோதலை முதன்முதலில் தெளிவாகக் காண்பதற்கு 1967-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் செல்ல வேண்டும். மரபை உதறிய இளைஞர் கூட்டம் அந்நகரின் ஹெய்ட் ஆஷ்பரி பகுதியில் திரண்டிருந்த காலம் அது. நடன அரங்குகளில் நடந்த ராக் இசை நிகழ்ச்சிகளுக்கு வெஸ் வில்சன், ரிக் கிரிஃபின் முதலியோர் சுவரொட்டிகள் வரைந்தனர். அவற்றில் எழுத்துகள் தீச்சுடர் போல நெளிந்து, உப்பி, ஒன்றன் இடுக்கில் ஒன்று புகுந்து நிற்கும். நின்று உற்று நோக்கினால்தான் எந்த நாள், எந்தக் குழு என்பது புலப்படும். அந்த இளைஞர் உலகத்தின் ஏடாக 1966 முதல் 1968 வரை வெளிவந்த ஆரகிள் என்னும் இதழும் அவ்வழியே சென்றது. அச்சு இயந்திரத்தின் ஒரே மைத்தொட்டியில் பல வண்ண மைகளைப் பிரித்து ஊற்றி, வானவில் போல ஒன்றோடொன்று கலந்தோடும் வண்ணங்களில் அதன் பக்கங்களை அச்சிட்டனர். கட்டுரைகள் ஓவியங்களின் வடிவுக்கேற்ப வளைந்தன. அழகுக்குக் குறைவில்லை. ஆனால், நீண்ட கட்டுரை ஒன்றை அமைதியாகப் படித்து முடிக்க அந்தப் பக்கங்கள் இடம் தரவில்லை.

அதே நகரில், அதே ஆண்டில், அதே இளைஞர்களை நாடி வெளிவந்த ரோலிங் ஸ்டோன் இதழ் முற்றிலும் வேறு கோலம் பூண்டது. இருபத்தொரு வயதினரான வென்னர் என்பவரும், மூத்த இசை விமரிசகரான ரால்ஃப் கிளீசனும் கடன் பெற்ற 7,500 டாலரைக் கொண்டு அதனைத் தொடங்கினர். 1967 நவம்பர் 9 எனத் தேதியிட்ட முதல் இதழ் 40,000 படிகள் அச்சாகி, அவற்றுள் ஏறத்தாழ 34,000 விற்காமல் திரும்பின. செய்தித்தாள் காகிதம், கருப்பு மை, டைம்ஸ் ரோமன் எழுத்து, பத்திகளைச் சுற்றித் தடித்த கோடொன்றும் மெல்லிய கோடொன்றும் இணையாக ஓடும் பழைய பாணிக் கட்டம். இதன் காரணம் கலைக்கொள்கை மட்டுமன்று, சிக்கனமுங்கூட. வென்னர் முன்னர்ப் பணியாற்றிய ராம்பார்ட்ஸ் இதழின் ஞாயிறு ஏடு அவ்வாண்டில் நின்றுபோயிருந்தது. அதன் பக்க அமைப்பையே புதிய இதழ் எடுத்து அணிந்துகொண்டது. மூத்தவரின் சட்டையை இளையவர் அணிவது போன்றதுதான். ஆயினும் சட்டை பொருந்திவிட்டது. ராக் இசையைக் குழந்தை விளையாட்டு என்று உலகம் எள்ளிய நாளில், அறிவுடையோர் படிக்கும் ஏட்டின் உடையில் அது வந்து நின்றது. நெளியும் எழுத்துச் சுவரொட்டிகளை வரைந்த ரிக் கிரிஃபினே இதழின் பெயரெழுத்தையும் வரைந்து கொடுத்தார். ஆகவே, பெயர்ப் பலகையில் சுவரொட்டியின் ஆட்டம், உள்ளே செய்தித்தாளின் அடக்கம் என இரு கொள்கைகளும் ஒரே தாளில் குடியேறின.

இந்த அடக்கத்தால் விளைந்த பயன் பெரிது. ஜான் லெனனுடன் வென்னர் நிகழ்த்திய நீண்ட நேர்காணல் 1971 சனவரி 21, பிப்ரவரி 4 ஆகிய தேதியிட்ட இரு இதழ்களில் வெளிவந்தது. பீட்டில்ஸ் குழு பிரிந்த கசப்பைக் கலைஞன் ஒருவன் மனந்திறந்து பேசிய அச்சொற்கள் பத்தி பத்தியாக ஓடின. இடையிடையே ஆனி லீபோவிட்ஸ் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் நின்றன. 1970-இல் மாணவியாக அவ்விதழுக்குப் படமெடுக்க வந்து, 1973-இல் தலைமைப் புகைப்படக் கலைஞரானவர் அவர். பேச்சே இசையாக இருக்கும்போது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அந்த இரு இதழ்களும் உணர்த்தின.

பின்னர்ப் பணம் வந்தது, வண்ணம் வந்தது. 1977-இல் இதழின் அலுவலகம் நியூயார்க்குக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டில் கலை இயக்குநராக இருந்த ரோஜர் பிளாக், பழைய அச்செழுத்துகளின் மீது தீராக் காதல் கொண்டவர். ஜிம் பார்க்கின்சன் என்னும் எழுத்து வரைஞரைக் கொண்டு இதழுக்கென்றே ஓர் எழுத்துக் குடும்பத்தை உருவாக்கினார். தலைப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே எந்த இதழின் பக்கம் என்று சொல்லிவிடலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. ஒருவருடைய குரலை அடுத்த அறையிலிருந்தே இனங்காண்பது போல என்று கொள்க.

இக்காலத்துப் பக்கங்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. கணினி வருமுன் எழுத்துகள் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தில் புகைப்படத் தாளில் நீண்ட பட்டைகளாக வெளிவரும். அப்பட்டைகளைக் கத்தியால் அறுத்து, பின்புறம் மெழுகு பூசி, வெளிர்நீலக் கோடுகள் இட்ட அட்டையின் மீது ஒட்டுவார்கள். வெளிர்நீலம் அச்சகத்துக் கேமராவின் கண்ணில் படாது. ஆதலால் கோடு மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். தலைப்புகளுக்குத் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துத் தாள்கள் 1960-களிலிருந்து கடைகளில் கிடைத்தன. ஒரு சொல் நீண்டுவிட்டால் மீண்டும் அறுக்க வேண்டும். ஓர் எழுத்துக் கோணினால் மீண்டும் தேய்க்க வேண்டும். கைவேலையின் இந்தச் சுமையே ஒருவகையில் காவலாகவும் இருந்தது. வேண்டாத அலங்காரத்தைச் செய்ய எவருக்கும் நேரமில்லை.

அந்தக் கைவேலைக் காலத்தின் இறுதியில், அட்லாண்டிக்கிற்கு அப்பால் இலண்டனில் ஒருவர் அலங்காரத்திற்காக அன்றி ஆராய்ச்சிக்காக எழுத்தை அறுக்கத் தொடங்கினார். அவர் நெவில் பிரோடி. இலண்டன் அச்சுக் கல்லூரியில் பயின்ற நாளில், தபால்தலை ஒன்றின் வடிவமைப்பில் அரசியாரின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தமைக்காகக் கல்லூரியிலிருந்து ஏறத்தாழ நீக்கப்படும் நிலைக்கு ஆளானவர். சிறு இசைத்தட்டு நிறுவனங்களுக்கு உறை வடிவமைத்துப் பழகிய பின், 1981-இல் தி ஃபேஸ் என்னும் திங்களிதழின் கலை இயக்குநரானார். நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸின் ஆசிரியராக இருந்தவரும், பாடல் வரிகளை வண்ணத்தில் அச்சிட்ட ஸ்மாஷ் ஹிட்ஸ் இதழை 1978-இல் தோற்றுவித்தவருமான நிக் லோகன், 1980 மே மாதத்தில் தொடங்கிய இதழ் அது. இசையும் உடையும் வாழ்க்கை முறையும் ஒன்றே என்பது அதன் நோக்கு.

இசைத்தட்டு உறையின் பழக்கத்தைப் பிரோடி இதழுக்குள் கொண்டுவந்தார். 1920-களின் உருசியக் கட்டமைப்புக் கலைஞர்கள் கையாண்ட தடித்த பட்டைகள், செங்குத்தாக ஏறும் தலைப்புகள், ஒரே சொல்லில் பெரிதும் சிறிதுமாகக் கலந்த எழுத்துகள், கட்டுரைக்குக் கட்டுரை வழிகாட்டும் குறிகள் ஆகியவை அவர் பக்கங்களில் குடிகொண்டன. சந்தையில் கிடைக்கும் எழுத்துருக்கள் போதாவென்று 1984-இல் தாமே கோணங்கள் மிகுந்த எழுத்துகளை வரைந்துகொண்டார். அவர் செய்த சோதனைகளுள் ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்கத் தக்கது ஒன்று உண்டு. உள்ளடக்கப் பக்கத்தின் தலைப்பாக அமைந்த ஆங்கிலச் சொல்லை மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சிதைத்துக்கொண்டே வந்தார். ஒரு மாதம் ஓர் எழுத்தின் கால் போகும். அடுத்த மாதம் மற்றொன்றின் வயிறு போகும். 1984-ஆம் ஆண்டின் இதழ்கள் சிலவற்றின் ஊடே அச்சொல் வெறும் கீற்றுகளாகத் தேய்ந்தது. ஆயினும் வாசகர் எவரும் பக்கத்தைத் தேடி மயங்கவில்லை. அது நிற்கும் இடமே அதன் பொருளை அறிவித்துவிட்டது. சொல் எழுத்தால் மட்டும் படிக்கப்படுவதன்று, இடத்தாலும் பழக்கத்தாலும் படிக்கப்படுகிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான செய்முறை விளக்கம் கிடைப்பது அரிது.

இச்சோதனையை அப்படியே தமிழுக்குக் கொணர முனைவோர் சற்று நிதானிக்க வேண்டும். உரோமன் எழுத்துகள் தனித்தனி ஆள்கள். இடைவெளியைக் கூட்டினாலும் ஆள் மாறுவதில்லை. ‘கொடி’ என்னும் தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தோ கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகளால் ஆனது. ஈய அச்செழுத்துக் காலத்தில் அம்மூன்றும் தனித்தனி அச்சுகளாகவே கோக்கப்பட்டன. அலங்காரத்தின் பொருட்டு அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தால், கொம்பு முன்னெழுத்தோடு ஒட்டியதா பின்னெழுத்துக்கு உரியதா என்று கண் தடுமாறும். பள்ளி ஆண்டு மலர்களின் அட்டையில் இத்தகைய தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்துத் திகைத்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். எழுத்தின் உடற்கூற்றை அறியாமல் அதன் உடையை மாற்ற இயலாது.

பிரோடியின் வெற்றியே அவருக்கு வினையாயிற்று. துணிக்கடை விளம்பரம் முதல் வங்கி அறிக்கை வரை அவருடைய கோண எழுத்துகளின் நகல்கள் தோன்றின. 1986-இல் அவர் தி ஃபேஸிலிருந்து விலகினார். அதே லோகன் தொடங்கிய அரீனா இதழில், எந்த அலங்காரமும் இல்லாத ஹெல்வெடிகா எழுத்தை அடக்கமாகக் கையாண்டார். 1988-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஜான் வோசன்கிராஃப்ட் எழுதிய நூலும் அவ்வாண்டில் வெளிவந்தது. திங்களுக்கு ஒருமுறை எறியப்பட வேண்டிய தாள், கண்ணாடிப் பேழைக்குள் ஏறியது.

அரீனாவின் அடக்கம் ஒரு விடை என்றால், 1987-இல் ரோலிங் ஸ்டோனின் கலை இயக்குநர் பொறுப்பை ஏற்ற ஃபிரெட் உட்வர்ட் தந்தது மற்றொரு விடை. டெக்சாஸ் மந்த்லி இதழில் பணியாற்றி வந்தவர் அவர். வந்ததும் இதழின் தொடக்க நாளைய இரட்டைக் கோட்டுக் கட்டத்தை மீட்டுக்கொண்டுவந்து பக்கங்களைச் சுற்றிப் பூட்டினார். பழைய வேலியைப் போட்ட பிறகு உள்ளே எதையும் செய்யலாம் அல்லவா? ஏறத்தாழ 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட பெரிய பக்கம் அவ்விதழுடையது. வலப்பக்கத்தில் பாடகரின் முழுப்பக்கப் படம். இடப்பக்கம் முழுவதும் எழுத்து மட்டும். இதுவே அவர் அடிக்கடி கையாண்ட எளிய ஏற்பாடு. ஆனால், அந்த எழுத்துப் பக்கம் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். நாட்டுப்புற இசைப் பாடகர் என்றால் சுவரொட்டிக்கான பழைய மர அச்செழுத்து. ராப் இசைக் கலைஞர் என்றால் நெருக்கி அடுக்கிய தடித்த எழுத்து. மென்குரல் பாடகி என்றால் பரந்த வெளியில் மெல்லிய ஓரிரு எழுத்து. கெய்ல் ஆண்டர்சன் போன்ற துணைவர்களும் இப்பணியில் உடனிருந்தனர். எதிர்ப் பக்கத்து முகத்தின் குரலை இப்பக்கத்து எழுத்து பாடிக்காட்ட வேண்டும் என்பதே நோக்கம். தாளைத் திருப்பினால் கட்டுரை வழக்கமான பத்திகளில், கண்ணை உறுத்தாத எழுத்தில் தொடங்கிவிடும். வாயிலில் கோலம், வீட்டுக்குள் பாய். இந்த வரலாற்றில் எழுத்தாளரையும் வாசகரையும் கலைஞரையும் ஒருசேர மதித்தவர் உட்வர்ட் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. 2001 வரை அவர் அப்பணியில் இருந்தார்.

இதற்கிடையே கைவேலையின் காவல் நீங்கிவிட்டது. 1984-இல் மக்கின்டாஷ் கணினி வந்தது. 1985-இல் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தது. கத்தியும் மெழுகும் தேவையற்றுப்போயின. நூறு எழுத்துருக்களை ஒரு பொழுதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒன்றன்மீது ஒன்றை ஏற்றலாம். தவறினால் ஒரு பொத்தானில் பழைய நிலைக்குத் திரும்பலாம். தடை இல்லாத இடத்தில் கலை எவ்வழி செல்லும் என்பதற்கு விடையாக வந்தது ரே கன். 1992-இல் கலிபோர்னியாவில் மார்வின் ஸ்காட் ஜாரெட் தொடங்கிய ராக் இசை இதழ் இது. அதன் முதல் கலை இயக்குநர் டேவிட் கார்சன் கடலலைச் சறுக்கு விளையாட்டில் பேர்பெற்றவர், சமூகவியல் பட்டதாரி, கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வடிவமைப்புத் துறையில் முறையாக நெடுங்காலம் பயின்றவர் அல்லர். குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளிலேயே அதனைத் தொட்டார். விதிகளை அறிந்து மீறியவரா, அறியாமலே மீறியவரா என்னும் கேள்வி அவரைத் தொடர்ந்து வந்தது.

ரே கன் பக்கங்களில் பத்திகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இரு பத்திகளுக்கு இடையே வெளியே இல்லாத இடங்களில் இடப் பத்தியின் வரி வலப் பத்திக்குள் ஓடிப் புகுவது போலத் தோன்றும். எழுத்தின்மேல் எழுத்து ஏறும். படம் பாதியில் அறுபடும். பக்க எண்ணுக்கு உறுதியான இடம் இல்லை. கருத்தைத் தெரிவிப்பதும் எழுத்து எளிதில் படிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பது கார்சனின் கொள்கை. பிசிறில்லாமல் அச்சாகியும் எவர் மனத்திலும் பதியாத பக்கங்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆதலால் அக்கொள்கையை எளிதில் தள்ளிவிட முடியாது. அன்று இளைஞர் கேட்ட கிரஞ்ச் இசையில் கிதாரின் இரைச்சலுக்குள் சொற்கள் மூழ்கித்தான் ஒலித்தன. அப்பாடலைக் கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் கேட்பதில்லை. இரைச்சலோடு சேர்த்தே பொருள்கொள்கிறார். அந்த இசையைத் தாளில் காட்ட வந்தவர் இரைச்சலையும் காட்டினார் என்றால் அதில் நேர்மை இல்லை என்று எவ்வாறு சொல்வது?

அந்த நேர்மைக்கு 1994-இல் சோதனை வந்தது. ராக்சி மியூசிக் குழுவின் பாடகர் பிரையன் ஃபெரியைப் பற்றிய கட்டுரை ஒன்று கார்சன் கைக்கு வந்தது. அதைப் படித்த அவருக்கு அது சலிப்பூட்டியது. கட்டுரை முழுவதையும் சாப்ஃப் டிங்பாட்ஸ் என்னும் எழுத்துருவில் மாற்றி அச்சிட்டுவிட்டார். புகழ்பெற்ற செருமானிய எழுத்துக் கலைஞர் ஹெர்மன் சாப்ஃப் உருவாக்கிய அந்த எழுத்துருவில் எழுத்துகளே இல்லை. விண்மீன், அம்பு, கத்தரிக்கோல், சரிக்குறி, பூ ஆகிய குறிகளே உண்டு. பக்கத்தைப் பார்த்தால் பத்திகள் உண்டு. சொற்களின் நீளம் உண்டு. வரிகளின் ஒழுங்கு உண்டு. படிக்க ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு குறியும் விசைப்பலகையின் ஓர் எழுத்துக்கு ஒத்தது ஆகையால், பொறுமை உடையவர் ஒருவர் அட்டவணை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக மீட்டுவிடலாம். அவ்வளவு பாடு தேவைப்படவில்லை. அதே இதழின் பின்பகுதியில் அக்கட்டுரை படிக்கத்தக்க எழுத்தில் மீண்டும் அச்சிடப்பட்டிருந்தது.

இச்செயலைச் சிரித்துக் கடந்துவிடுவோரும் உண்டு. கலையின் விடுதலை என்று போற்றுவோரும் உண்டு. இரண்டு பக்கத்தாருக்கும் ஒரு கேள்வி விடுக்கலாம். ஃபெரியின் இசை குறிகளைப் போன்றதா? அன்று. அவருடைய பாணி மிக மெருகேறியது, சொற்களைத் தெளிவாக ஒலிப்பது. ஆகவே அப்பக்கம் அவ்விசையின் ஒலி அன்று. கட்டுரையின் மீது வடிவமைப்பாளர் வழங்கிய தீர்ப்பு. இரைச்சலான பாடலுக்கு இரைச்சலான பக்கம் அமைத்தவர், இங்கே பாடலுக்கு அன்றித் தம் சலிப்புக்கே வடிவம் கொடுத்தார். கட்டுரை சுவையற்றது என்றால் ஆசிரியர் குழு அதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், திருத்தக் கேட்டிருக்கலாம். எழுதியவரிடம் சொல்லாமல் வாசகரிடமிருந்து மறைப்பது மூன்றாவது வழி. மாணவன் கட்டுரை நன்றாக இல்லை என்பதற்காக அதன்மீது மை ஊற்றும் ஆசிரியரை நாம் துணிவுடையவர் என்று அழைப்பதில்லை. அதேவேளையில், படிக்கத்தக்க படியையும் இதழின் பின்னே வைத்த மனத்தையும் மறைத்துப் பேசுவது நடுநிலை ஆகாது.

கார்சன் 1995-இல் ரே கன்னை விட்டு நீங்கினார். அவ்வாண்டில் அவர் பக்கங்களைத் தொகுத்து, லூயிஸ் பிளாக்வெல் எழுத்துடன் ‘அச்சின் முடிவு’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த நூல் உலகெங்கும் பரவியது. தலைப்பு வேறொரு வகையில் பலித்தது. ரே கன் 2000-இல் நின்றது. மெலடி மேக்கரும் அவ்வாண்டோடு முடிந்தது. தி ஃபேஸ் 2004-இல் நின்று 2019-இல் மீண்டும் எழுந்தது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸின் வார அச்சிதழ் 2018-இல் நின்றது. ரோலிங் ஸ்டோன் 2008-இல் தன் பெரிய பக்கத்தைச் சுருக்கிக்கொண்டு, 2018-இல் மீண்டும் பெரிதாக்கியது. கைப்பேசித் திரையில் கட்டுரை படிப்பவர்க்கு இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை; நடுமடிப்பும் இல்லை. ஒரே பத்தியாக மேலிருந்து கீழே ஓடும் அந்த ஓட்டத்தில் பிரோடோவிச்சின் வெள்ளை இடத்துக்கும் உட்வர்டின் எழுத்துப் பக்கத்துக்கும் நிற்க இடமில்லை. ஆனால், பாடகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பாடலைத் தொட்டுக் கேட்கலாம். தாளின் ஊமைத்தன்மை தீர்ந்தது. அதை ஈடுசெய்யப் பிறந்த கலை வேலை இழந்தது.

ஃபெரியைப் பற்றிய அக்கட்டுரை இன்றும் வடிவமைப்பு வகுப்புகளில் பேசப்படுகிறது. வடிவமைப்பு நூல்கள் எடுத்துக்காட்டுவது விண்மீனும் கத்தரிக்கோலும் நிறைந்த அந்த இரட்டைப் பக்கத்தைத்தான். இதழின் பின்னே படிக்கத்தக்க எழுத்தில் வந்த பக்கத்தை அன்று.